மெஃபெட்ரோன் தடை: அவசரமா, அவசியமா?

கதிர்: 2010 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் மெஃபெட்ரோன் என்ற செயற்கை ஊக்கப்பொடியை பி வகுப்புப் (ஆபத்தில் இரண்டாம் நிலை) போதைப்பொருளாக அறிவித்துத் தடை செய்தது. அதற்கு முந்தைய மாதம் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் நகரில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். 'மியாவ் மியாவ்' (மெஃபெட்ரோனின் தெருப்பெயர்) கொன்றுவிட்டது என்று பத்திரிகைகள் கொதித்தன. ஆனால் பரிசோதனையில் தெரிய வந்தது மெத்தடோன் என்ற வேறொரு மருந்து. மெஃபெட்ரோன் இல்லவே இல்லை. பதற்றத்தில் போட்ட தடை இது.

இரவுப்பணி: அந்த இருவர் விஷயத்தில் சரி. அதற்காகப் பொருள் சாதுவாகிவிடுமா? நான் செவிலி. ஒருநாள் ஒரு பையன் வந்தான். நாடித்துடிப்பு 150-க்கு மேல், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தான். வியர்வையில் இசிஜி வில்லைகள் ஒட்டவே இல்லை, மூன்று தடவை துடைத்து ஒட்டினேன். "செடிக்குப் போடுற உரம்தான்" என்றான். சட்டத்திலிருந்து தப்ப அப்படித்தான் விற்றார்கள்; பாக்கெட்டிலும் 'மனிதர் உட்கொள்ள அல்ல' என்றுதான் இருந்தது.

கதிர்: அது மெஃபெட்ரோன்தான் என்று எப்படித் தெரியும்?

வழிப்போக்கன்: நல்ல கேள்வி, ஆனால் உங்கள் வாதத்துக்கே எதிரானது. மெஃபெட்ரோன் 1929-லேயே ஆய்வகத்தில் செய்யப்பட்டது. ஊக்கத்துக்காக மெல்லும் காத் இலையில் உள்ள கேத்தினோன் என்ற பொருளுக்கு உறவு. மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றினால் புதுப் பெயர், பழைய சட்டம் செல்லாது. தடை வந்ததும் நாஃபைரோன் என்ற இன்னோர் உறவு முளைத்தது, ஜூலையில் அதையும் தடை செய்தார்கள். இப்படி ஒவ்வொன்றாகத் துரத்தி முடியுமா? அதனால்தான் 2016-ல் பிரிட்டனில் மனநிலையை மாற்றும் எல்லாவற்றின் விற்பனையையும் தடுத்தார்கள்.

கதிர்: எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, மது, புகையிலை, காபிக்கு விலக்கு! காபிக்கு விலக்கு எழுத வேண்டியிருக்கிறது என்றால் சட்டத்தின் வலை எவ்வளவு அகலம் பாருங்கள். நியூசிலாந்து 2013-ல் செய்ததுதான் முறை: ஆபத்து குறைவு என்று தயாரிப்பவரே நிரூபிக்கட்டும்.

வழிப்போக்கன்: நிரூபித்தார்களா? ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்குக் கொடுத்த இடைக்கால அனுமதிகள் 2014 மே மாதமே போயின. விலங்குச் சோதனை முடிவுகளைக் காட்டி அனுமதி கேட்கவும் முடியாதென்று ஆக்கினார்கள். அப்புறம் ஒரு பொருளும் தேறவில்லை. ஏட்டுச் சுரைக்காய்.

இரவுப்பணி: கதிர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெரியாது. பையன் பிழைத்தான், ஆனால் உள்ளே போனது என்னவென்று இன்றுவரை தெரியாது. கடையில் வாங்கியதால் ஆபத்தில்லை என்று நம்பியிருக்கிறான். அதனால் கடைகளை மூடியதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் நியூசிலாந்திடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 2013 சட்டம் அல்ல. பொடியைக் கொண்டுபோனால் சோதித்து, இன்னதென்று சொல்லும் சேவையை 2021-ல் நிரந்தரச் சட்டமாக்கினார்களே, அது. அன்று மருத்துவர் கேட்டபோது "ஏதோ வெள்ளைப் பொடி" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.