கேரளா கேமரா ஃபைன், நம்ம டிஎன் வண்டிக்கு கட்டணுமா?

செங்கோட்டை_பையன்:
போன மாசம் அப்பாவ பின்னால உக்கார வச்சு புனலூர் வரைக்கும் பைக்ல போனேன், நான் ஹெல்மெட் போட்டிருந்தேன், அப்பா தலையில துண்டுதான். இப்ப போனுக்கு மெசேஜ் வந்திருக்கு, பின்னால இருந்தவர் ஹெல்மெட் போடலன்னு 500 ரூவா ஃபைன். போட்டோல துண்டோட கரை வரைக்கும் தெளிவா தெரியுது. டிஎன் 76 வண்டி, கட்டாம விட்டா என்ன ஆகும்? இன்னொண்ணும் கேக்கணும். கேரளா பார்டர் கோட்டைவாசல் வந்ததும் எல்லாரும் ஹெல்மெட்ட மாட்டுதோம், திரும்பி நம்ம பக்கம் புளியரை இறங்குனதும் கழட்டி டேங்க் மேல வச்சுக்கிடுதோம், நானும் அப்படித்தான். இந்த ஃபைனால நிஜமாவே சாவு குறையுமா இல்ல வெறும் வசூலா?

ஆரியங்காவு_கடை:
கட்டிரு தம்பி. எந்த ஸ்டேட் வண்டியா இருந்தாலும் பரிவாகன்ல, அதான் வண்டி விவரம் பாக்குற கவர்மெண்ட் வெப்சைட்ல, நம்பர் போட்டா நிலுவை காட்டும், நாள் கடந்தா விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்கு போயிரும், நாளைக்கு வண்டிய வித்து பேர் மாத்தும்போது அலையணும். இங்க 2023 ஜூன் 5ல இருந்து ஃபைன் போடுதாங்க, மாநிலம் முழுக்க 726 கேமரா. வசூல்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, நம்ம தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்தே ஹெல்மெட் ஃபைன் 1000 ரூவா, கேரளாவ விட ரெண்டு மடங்கு. பின்னால உக்காருறவங்களுக்கும் சேத்துத்தான் சட்டம், நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும்.

தென்காசி_சிஸ்டர்:
தம்பி, நான் கேஷுவாலிட்டில வேல பாக்குறேன், அதனால நேராவே சொல்லிடுறேன். 2022ல நம்ம நாட்டுல ஹெல்மெட் இல்லாம செத்தவங்க 50,029 பேர், அதுல 14,337 பேர் பின்னால உக்காந்து போனவங்க, அதாவது உங்க அப்பா உக்காந்த அதே எடம். ஓட்டுறவனுக்காவது பிடிக்க ஹேண்டில்பார் இருக்கு, பின்னால இருக்கவங்களுக்கு எதிர்ல மாடு வர்றதே தெரியாது, அப்படியே தூக்கி வீசும்.

இன்னொண்ணு, ஸ்ட்ராப். கேமராவுக்காக தலையில கவுத்து வச்சிட்டு பக்கிள் மாட்டாம வர்றவங்கதான் பாதிப் பேரு. போன வருஷம் ஒருத்தர கொண்டுவந்தாங்க, கூட வந்தவர் கையில ஹெல்மெட்டு, ஒரு கீறல் கூட இல்ல, அவருக்கு முன்னாடியே அது கழண்டு ரோட்டோரம் போய் விழுந்திருக்கு. ஸ்ட்ராப் மாட்டலன்னா சட்டப்படியும் அது ஹெல்மெட் போடாத கணக்குதான்.

மலைரோடு_லாரி:
சிஸ்டர் சொன்னது சரி, ஆனா ஹெல்மெட்டோட பேச்ச முடிச்சிராதீங்க. அதே 2022 கணக்குல நூத்துல 71 சாவு ஓவர் ஸ்பீடாலதான். அந்த வருஷம் கேரளாவுல 43,910 விபத்து, 4,317 சாவு. நம்மகிட்ட 64,105 விபத்து, 17,884 சாவு. இது கேமரா வர்றதுக்கு முந்தின வருஷம், அதனால கேமராவாலன்னு சொல்ல முடியாது. ஆனா அங்க ரோடு பூரா வளைவும் ஊருமா இருக்கு, வேகம் எடுக்க முடியாது, இங்க நாலுவழிச்சாலைல நூறுக்கு மேல போறான், மோதுனா அங்கயே முடிஞ்சிருது, நான் பாத்த வரைக்கும் வித்தியாசம் அதுதான்.

எங்க ஆளுங்க பண்ற தப்பையும் சொல்லணும். ஆரியங்காவுல இருந்து புளியரை எறக்கத்துல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுவாங்க. லோடு வண்டில எஞ்சின் பிடிப்பு இல்லன்னா பாரம் பூரா பிரேக்குமேல விழும், எஸ் வளைவுக்கு வர்றப்ப பிரேக் லைனர் கருகுற வாசன வரும், அப்புறம் பெடல மிதிச்சாலும் நிக்காது. எந்த கியர்ல ஏறுனோமோ அதுலயேதான் எறங்கணும்னு என் வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரு. ஓவர்லோடுக்கு சட்டத்துல 20,000, அதுக்கு மேல டன்னுக்கு 2,000ன்னு இருக்கு, இருந்தும் ஏத்துறாங்களே. முன்னால போற லாரி பிரேக் லைட் விடாம எரிஞ்சா பின்னாலயே ஒட்டிப் போகாத தம்பி, தள்ளியே வா.

செங்கோட்டை_பையன்:
அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. ஃபைன் இப்பதான் கட்டுனேன். அந்த 14,337 படிச்சதுல இருந்து மனசு சரியில்ல, அப்பாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிரணும். காது அடைக்குது, மூச்சு முட்டுதுன்னு சொல்லுவாக. எந்த சைஸ் பாத்து வாங்க?

தென்காசி_சிஸ்டர்:
அவரையே கடைக்கு கூட்டிட்டு போங்க தம்பி. புருவத்துக்கு ஒரு விரல் மேல தலைய சுத்தி டேப் வச்சு அளந்து அந்த சென்டிமீட்டர் சைஸ் கேளுங்க, ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க. போட்டு ஸ்ட்ராப் மாட்டி தலைய ஆட்டச் சொல்லுங்க, ஹெல்மெட் தனியா ஆடுனா அது பெருசு. துண்டுக்கு மேல போட விடாதீங்க.