ஆரஞ்சு ஐகான அமுக்கினா குப்பையா வருது, பதிவு வரமாட்டேங்குது. அவசரம்

மல்லிப்பந்தல் · ஞாயிறு இரவு 9:40

வணக்கம் ஒரு வாத்தியார் எழுதுறத தொடர்ந்து படிக்கணும் ஃபேஸ்புக்க எடுத்தாச்சு அதனால பல சைட்டுல புதுசா போடுறத ஒரே எடத்துல காட்டுற ஃபீடு ரீடர் போட்டேன் லிங்க் எல்லாம் சேத்துட்டேன் மூணு நாள் ஆச்சு பதிவு ஒண்ணும் வரல வேற என்னமோ வருது ஆரஞ்சு கலர் ஐகான அமுக்கினா கோடு கோடா இங்கிலீஷ் எழுத்து வருது இன்னொரு சமையல் சைட்டு ரெண்டு வரி வந்து நின்னு போகுது என்ன தப்பு பண்றேன் சீக்கிரம் சொல்லுங்க

தேனிக்காற்று · இரவு 9:52

பேட்டரிதான் பாஸ். கண்ண மூடிட்டுச் சொல்றேன். பல போன்ல பின்னணியில ஓடுற ஆப்ப சிஸ்டமே கொன்னுடும். செட்டிங்ஸ் போய் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்ட எடுத்துவிடுங்க. எனக்கு ஒரு வருஷமா இருந்த தொல்லை அதோட போச்சு.

வடலி · இரவு 10:05

எந்த ஆப் பாவிக்கிறீங்கள்? அன்ட்ரொயிடா ஐபோனா? வாத்தியாற்ற தளம் பிளாக்ஸ்பொட்டா வேர்ட்பிரஸ்ஸா? "வேற என்னமோ வருது" எண்டால் என்ன வருது? அதைச் சொன்னால்தான் ஏதும் சொல்லலாம்.

பழைய_பதிவன் · இரவு 10:11

இது ஃபீட்பர்னர் பண்ற வேலை. அந்தக் காலத்துல நாங்க எல்லாருமே எங்க ஓடைய, அதாவது ஃபீட, ஃபீட்பர்னர்ங்கிற சேவை வழியா திருப்பி விட்டிருந்தோம். எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு கணக்கு காட்டுமே, அதுக்காக. 2007ல கூகுள் அத வாங்குச்சு. 2021ல மெயில் சந்தாவ நிறுத்துச்சு. பாதிப் பேர் பழைய முகவரிய மாத்தாமலே விட்டுட்டுப் போயிட்டாங்க. வாத்தியார் பழைய ஆளா இருந்தா நிச்சயம் இதுதான்.

கறுப்புத்திரை · இரவு 10:30

தம்பி, இந்தக் கேள்வி இங்கே மாதம் இருமுறை வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, அலங்காரத்துக்கு இல்லை.

ஆரஞ்சு ஐகானை அமுக்கி நீங்கள் பார்ப்பது குப்பை அல்ல, ஃபீடின் மூல வடிவமான எக்ஸ்எம்எல். ரீடர் படிப்பதற்கான கோப்பு, மனிதர் படிப்பதற்கானது அன்று. முன்பு ஃபயர்ஃபாக்ஸ் அதை அழகுபடுத்திக் காட்டியது. 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். குரோம் எப்போதும் அலங்காரம் இல்லாமல் அப்படியேதான் காட்டும்.

ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் ஒரு சிறு சர்வர் எடுத்து மினிஃப்ளக்ஸ் என்ற ரீடரை நிறுவுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வேண்டும். அது கடினம் என்றால் ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற ரீடர், சர்வரில் பிஎச்பி இருந்தால் போதும். கைபேசிச் செயலிகளை நம்பி மாரடிக்காதீர்கள்.

இட்லிக்கடை · இரவு 10:34

தண்ணி குடுங்கன்னு வந்தவருக்கு கிணறு வெட்டக் கத்துக்குடுக்குறீங்களே சாமி.

கறுப்புத்திரை · இரவு 10:37

கிணறு வெட்டத் தெரிந்தவனுக்குத்தான் கோடையில் தண்ணீர். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடரை மூடியபோது எத்தனை பேர் நடுத்தெருவில் நின்றார்கள் என்று பழைய_பதிவனைக் கேளுங்கள்.

பழைய_பதிவன் · இரவு 10:48

அத ஏன் கிளறுறீங்க. 2005 அக்டோபர்ல வந்துச்சு, எட்டு வருஷம் கூட முழுசா ஓடல. 2013 மார்ச்சுல மூடப்போறோம்னு அறிவிச்சாங்க, ஜூலையில கதவ சாத்திட்டாங்க. காலையில காப்பியோட உக்காந்தா இருநூறு வலைப்பூ வரிசையா இருக்கும். நான் ஓபிஎம்எல் கோப்பா இறக்கி வச்சதால தப்பிச்சேன். சந்தாப் பட்டியல் மொத்தமும் அந்த ஒரே கோப்புல இருக்கும், எந்த ரீடர்லயும் ஏத்திக்கலாம். புதுசா தொடங்குறவங்க எல்லாரும் மாசம் ஒரு தடவ அத எடுத்து வையுங்க.

ரீடருக்கும் முன்னாடி எங்களுக்குத் தமிழ்மணம்னு ஒரு தளம். 2004ல காசி ஆறுமுகம் தொடங்கினது. அதுவும் ஓடைகளத் திரட்டித்தான் ஓடுச்சு. "திரட்டி"ங்கிற சொல்லே நம்மகிட்ட அப்படித்தான் புழக்கத்துக்கு வந்துச்சு.

தேனிக்காற்று · இரவு 10:50

பேட்டரி பாத்தாச்சா?

சொற்களம் · இரவு 11:02

உள்ளே வந்ததே "ஓடை" என்ற சொல்லைக் கண்ட மகிழ்ச்சியில்தான். செய்தியோடை என்பது அழகான ஆக்கம். தலைப்பில் "ஃபீடு" என்று எழுதாமலாவது விட்டார்களே. அதை நேராக மொழிபெயர்த்தால் தீனி என்று வரும், மாட்டுத் தொழுவம் நினைவுக்கு வரும். சிலர் "ஊட்டம்" என்கிறார்கள். அது சத்துமாவு விளம்பரம்.

இட்லிக்கடை · இரவு 11:09

ஓடையும் தப்புங்க. ஓடைன்னா தானா ஓடி நம்ம வாசலுக்கு வரணும். இது எங்க ஓடுது? ஒரு கோப்பு அந்த சைட்டுல சும்மா கெடக்குது. புதுப் பதிவு போட்டா அந்தக் கோப்புல மேல ஒண்ணு ஏறும், கீழ பழசு ஒண்ணு விழும். நம்ம ஆப்தான் மணிக்கொரு தடவ குடத்தத் தூக்கிட்டுப் போயி, புதுசா ஏதாவது இருக்கான்னு எட்டிப் பாத்து மொண்டுட்டு வருது. கிணறுதான் சரி. கறுப்புத்திரை சார் தெரியாம சரியாச் சொல்லிட்டார்.

சொற்களம் · இரவு 11:15

கிணற்றில் மேலே ஏறுவதும் கீழே விழுவதும் உண்டா? உவமை இடிக்கிறது.

கறுப்புத்திரை · இரவு 11:21

தெரியாமல் சொல்லவில்லை.

வடலி · திங்கள் காலை 6:10

கேள்வி கேட்டவர் எங்கே? இன்னும் ஆப் எதெண்டு சொல்லேல்லை.

மல்லிப்பந்தல் · திங்கள் காலை 7:25

மன்னிக்கணும் நைட்டு தூங்கிட்டேன் டைப் பண்ண கண்ணு தெரியாது மைக்ல பேசித்தான் போடுறேன் அதான் புள்ளி கமா இல்ல

தம்பி இல்லங்க எனக்கு 64 வயசு போஸ்ட் ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டயர் ஆனேன்

பேரன் ஃபீடர்னு ஒரு ஆப்பு போட்டுக் குடுத்துட்டு காலேஜுக்குப் போயிட்டான் சாம்சங் போன் வாத்தியார் எங்க ஊர் ஏரி கல்வெட்டு எல்லாம் எழுதுறார் பிளாக்ஸ்பாட்னு மேல வருது அவர் பதிவுக்கு அடியில ஆட்டம்னு ஒண்ணு இருந்துச்சு அத அமுக்கிப் புடிச்சு காப்பி பண்ணிப் போட்டேன்

பேட்டரி பேரன் வந்தாத்தான் பாக்கணும்

தேனிக்காற்று · காலை 7:31

ஆட்டமா?? அம்மா அதெல்லாம் அமுக்காதீங்க. ரம்மி விளம்பரமா இருக்கும். காசு போயிரும். முதல்ல அந்த லிங்க எடுத்துருங்க.

இட்லிக்கடை · காலை 7:33

கல்வெட்டு பிளாக்ல ரம்மியா? வாத்தியாருக்கு பென்சன் பத்தலையோ.

பழைய_பதிவன் · காலை 7:40

ஃபீட்பர்னர் முகவரி காலாவதியானா வேற யாராவது அத வாங்கி விளம்பரம் போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்...

கறுப்புத்திரை · காலை 7:44

நண்பர்களே. ஆட்டம் என்பது ஃபீட் வடிவம் ஒன்றின் பெயர். அணு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4287ஆக வெளியான தரநிலை. ஆர்எஸ்எஸ் என்பது இன்னொரு ஃபீட் வடிவம், ஆட்டம் வேறு. எல்லா ரீடரும் இரண்டையும் படிக்கும் என்பதால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

அம்மா, தம்பி என்று சொன்னதற்கு வருந்துகிறேன்.

சொற்களம் · காலை 7:52

ஆக, ஓடையா கிணறா என்று நாம் அடித்துக்கொண்டிருக்க, அது ஆட்டம் என்று முடிகிறது.

வடலி · காலை 8:03

பொறுங்கோ. அம்மா, பதிவுக்கு அடியில இருந்த வரி முழுக்க என்ன எண்டு சொல்லுவீங்களே? பிறகு, ஆப்புக்குள்ள இப்ப வந்திருக்கிறதில ரெண்டு மூண்டை வாசிச்சுச் சொல்லுங்கோ.

மல்லிப்பந்தல் · காலை 8:20

இதற்கு குழுசேர் கருத்துரைகளை இடு ஆட்டம் அப்படின்னு இருக்கு

ஆப்புல வர்றது அருமை ஐயா அடுத்தது வாழ்த்துகள் அடுத்தது பகிர்வுக்கு நன்றி அடுத்தது மிக அருமை ஐயா இதேதான் பத்து பன்னெண்டு இருக்கு வாத்தியார் இவ்ளோ சுருக்கமா எழுத மாட்டாரேன்னு பாத்தேன்

இட்லிக்கடை · காலை 8:22

😂😂😂 தமிழ் வலைப்பூ வரலாற்றையே மூணு வரியில சொல்லிட்டாங்க

வடலி · காலை 8:35

பிடிபட்டுது. உங்கட போனிலயும் பிழை இல்லை, வாத்தியாற்ற தளத்திலயும் பிழை இல்லை.

பிளாக்ஸ்பொட்டில ஒரு தனிப் பதிவைத் திறந்தால் அடியில வாற ஆட்டம் இணைப்பு அந்த ஒரு பதிவுக்கு வாற கருத்துகளுக்கு மட்டும்தான். அதைத்தான் சேர்த்திருக்கிறீங்கள். அதாலதான் "அருமை ஐயா". முகப்புப் பக்கத்துக்குப் போய் அடியில பார்த்தால் அதே இடத்தில "இடுகைகள்" எண்டு இருக்கும். நீங்கள் எடுத்திருக்க வேண்டியது அது. முகவரிக்குள்ள கமென்ட்ஸ் எண்ட சொல் இருந்தால் கருத்து, போஸ்ட்ஸ் எண்டு இருந்தால் பதிவு.

ஆனால் இதெல்லாம் தேடத் தேவையில்லை. ஆப்பில பிளஸ் குறியை அமத்தி, வாத்தியாற்ற தளத்தின்ர முகப்பு முகவரியை அப்பிடியே குடுங்கோ. பக்கத்துக்குள்ள ஃபீட் எங்கே இருக்கெண்டு ஒரு குறிப்பு மறைஞ்சிருக்கும், ஆப்பே அதைப் பார்த்துப் பட்டியல் போடும். அதில கருத்து எண்டு இல்லாததைத் தெரிவு செய்யுங்கோ.

முதல் நாளே பழையதெல்லாம் வராது. பிளாக்ஸ்பொட் வழமையா கடைசி 25 பதிவுதான் குடுக்கும், வேர்ட்பிரஸ் 10. அதுக்கு முந்தினதுக்குத் தளத்துக்குத்தான் போக வேணும்.

தேனிக்காற்று · காலை 8:41

பேட்டரியும் ஒரு தடவ பாத்துக்கிறது நல்லதுதான். சாம்சங்ல பிரச்சினை உண்டு.

நாவல்மரம் · காலை 9:15

ரெண்டாவது கேள்விய யாரும் தொடல. சமையல் சைட்டு ரெண்டு வரியோட நிக்கிறது அவங்க வச்ச அமைப்பு. ஃபீட்ல முழுக்கட்டுரை குடுக்கலாம், சுருக்கம் மட்டும் குடுக்கலாம். விளம்பரத்துக்காக ஆளுங்க சைட்டுக்கு வரணும்னு நிறையப் பேர் சுருக்கம்தான் வைக்கிறாங்க. ஃபீடர்ல அந்த சைட்டுக்கு மட்டும் முழுக்கட்டுரையையும் எடுத்து வான்னு ஒரு அமைப்பு இருக்கு, சந்தாவத் திருத்துற பக்கத்துல. அத ஆன் பண்ணுங்க. பெரும்பாலும் வேலை செய்யும். சில சைட்டுல படம் வராது, சில சைட்டுல மெனு எல்லாம் சேர்ந்து வந்து நிக்கும்.

யூடியூப் சேனலுக்கும் ஃபீட் இருக்கு அம்மா. சேனல் முகவரியப் போட்டுப் பாருங்க. கடைசி 15 வீடியோ வரும். கூகுள்ல நுழையாமலே பாத்துக்கலாம்.

சொற்களம் · காலை 9:40

தகவலுக்கு: ஆர்எஸ்எஸ்ஸின் முதல் வடிவத்தை 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் ராமநாதன் குஹா. சென்னை ஐஐடியில் படித்தவர். எனவே இதற்குத் தமிழ்ச் சொல் வைக்க நமக்குக் கூடுதல் உரிமை உண்டு.

கறுப்புத்திரை · காலை 9:46

மற்றவர் டான் லிபி. பிறகு அதை வளர்த்து 2002இல் 2.0 வரை கொண்டுவந்தது டேவ் வைனர். ஐஐடியில் படித்தார் என்பதற்காக உரிமை கொண்டாடுவது எந்தக் கணக்கு?

இட்லிக்கடை · காலை 9:49

மத்தியானத்துக்குள்ள இது "ஆர்எஸ்எஸ் கண்டுபிடித்த தமிழன், ஷேர் பண்ணாதவன் தமிழனே இல்லை"ன்னு குடும்ப குரூப்ல வரும் பாருங்க.

சொற்களம் · காலை 9:55

நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை என் வாயில் திணிக்க வேண்டாம். ஓடை என்ற சொல்லுக்கு இதுவரை யாரும் ஒழுங்கான மறுப்பு வைக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பழைய_பதிவன் · காலை 10:10

வாத்தியார் பேர் சொன்னா தேவலாம். கல்வெட்டு பத்தி எழுதின பழைய ஆளுங்க பாதிப் பேர் எனக்குப் பழக்கம். அந்த "மிக அருமை ஐயா" நானாக்கூட இருக்கலாம்.

மல்லிப்பந்தல் · செவ்வாய் மாலை 5:15

வந்துருச்சு வடலி தம்பிக்கு நன்றி வாத்தியார் நேத்து ராத்திரி மதகு பத்திப் போட்டது படிச்சிட்டேன் சமையலும் முழுசா வருது ஆனா மேல ஒரே விளம்பரம்

ஓடை கிணறு சண்டைய பேரன் படிச்சுக் காட்டுனான் எங்க ஆபீஸ்ல போஸ்ட் பாக்ஸ் வாடகைக்கு விடுவோம் ஆள் வீட்டுக்குப் போகாது அவங்களே வந்து பெட்டியத் திறந்து எடுத்துக்குவாங்க அது மாதிரிதான இது

சொற்களம் · மாலை 5:22

"அஞ்சற்பெட்டி" ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது, அம்மா.

வடலி · மாலை 5:40

சந்தோசம். அந்த "அருமை ஐயா" சந்தாவை இனி எடுத்துவிடலாம். அதைத் திறந்து மேல மூண்டு புள்ளியை அமத்தினால் நீக்குற தெரிவு வரும். எடுத்தால் மற்றதுக்கு ஒண்டும் ஆகாது.

மல்லிப்பந்தல் · மாலை 6:02

வேணாம் இருக்கட்டும் இன்னைக்குக் காலைல அதுல ஒருத்தர் எங்க ஏரிக்கரை ஸ்கூல் பேரச் சொல்லி நாலு வரி எழுதியிருந்தார் என் கூடப் படிச்சவர் மாதிரி இருக்கு

பழைய_பதிவன் · மாலை 6:20

எந்த ஊரும்மா?

தேனிக்காற்று · புதன் காலை 7:05

பேட்டரி பாத்தீங்களா, என்ன இருந்துச்சு?