ஆச்சிக்கு அக்கி: காவி எழுதலாமா?

காரைக்குடியிலிருந்து: ஆச்சிக்கு வயது 68, சர்க்கரை உண்டு. நேற்றிலிருந்து இடது விலாவில் பட்டையாகக் கொப்புளம், எரிச்சல். வேளார் (மண்பாண்டம் செய்பவர்) வீட்டில் காவி மண் பூசி அக்கி எழுதச் சொல்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது.

பதில்: இன்றே டாக்டரிடம் போங்கள். சின்ன வயதில் போட்ட சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் அந்த ஒரு நரம்பு வழியே கிளம்பும். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருவது அதனால்தான். இந்தக் கிருமியை அடக்கும் மாத்திரை அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள் என்பது வழக்கமான அளவு. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். சிறுநீரகம் பழுதென்றால் அளவைக் குறைக்க வேண்டும். அதற்கான ரத்தப் பரிசோதனை கிரியேட்டினின், அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றொரு பதில்: காவி குளிர்ச்சி தரும், கிருமியைத் தொடாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். கொப்புள நீர் பட்டால் குழந்தைக்கு வருவது சின்னம்மை, அக்கி அல்ல. பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடுங்கள், குழந்தையைத் தூக்க வேண்டாம். சின்னம்மை போடாத கர்ப்பிணிகளும் விலகியிருக்கட்டும்.

இன்னொன்று: மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணையும் தாக்கலாம், அன்றே கண் டாக்டரிடம் போங்கள். புண் ஆறி 3 மாதம் கழித்தும் எரிந்தால் அது நரம்பு வலி, அதற்குத் தனி மாத்திரை உண்டு. 50 வயது தாண்டிய மற்றவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இருக்கிறது: 2 ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளி.