மறு: டிகிரி நாள் கணக்குக்கு "வளர்வெப்பம்" சரியா?

வணக்கம். பூச்சி வளர்வதற்கு நாள்தோறும் கிடைக்கிற வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கும் டிகிரி நாள் கணக்குக்கு இங்கே தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை இது:

> "வளர்வெப்பம்" என்று வைத்தால் என்ன? குடிநீர், சுடுசோறு போல வினைத்தொகை. சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வளர்பிறை என்றால் வளர்கிற பிறை. அந்தப் பழக்கத்தில் இதையும் ஏறிக்கொண்டே போகிற வெப்பம் என்றுதான் படிப்பார்கள். புவி வெப்பமாதல் பற்றித் தினமும் செய்தி வருகிற காலத்தில் இந்தக் குழப்பம் வேண்டாம். முன்பு இங்கே வந்த "வெப்ப நாள்" இன்னும் சிக்கல். சித்திரை வெயில்தான் நினைவுக்கு வரும்.

பெயர் வைக்கப் போகிற பொருளை வயலில் வைத்தே பார்ப்போம். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மானாவாரி மக்காச்சோளம். அதில் 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு. பூச்சியின் உடம்புச் சூடு சுற்றியுள்ள சூட்டைப் பொறுத்தது, வளர்ச்சி வேகமும் அப்படியே. சுமார் 12.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே படைப்புழு வளர்வதில்லை. ஐப்பசியில் ஒரு நாள் அதிகபட்சம் 32, குறைந்தபட்சம் 24 என்று வையுங்கள். சராசரி 28. அதில் 12.5 போனால் மிச்சம் 15.5. புழுவுக்கு அன்றைய வரவு இவ்வளவுதான், அதாவது 15.5 டிகிரி நாள். முட்டை அந்துப்பூச்சியாக மாற இந்த வரவு சேர்ந்து ஏறக்குறைய 390 ஆக வேண்டும். அதாவது 25 நாள். இதே பூச்சிக்கு 18 டிகிரியில் 71 நாள் பிடிக்கிறது. நம்மூரில் எந்த மாதமும் அவ்வளவு குளிர்வதில்லை, அதனால் பயிர் இருக்கும்வரை தலைமுறை மேல் தலைமுறையாக வந்துகொண்டே இருக்கும். ஒரு பெண் அந்து ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடக்கூடியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விவசாயிக்கு இதில் பெரிய பயன் முட்டைப் பருவத்தில்தான். இலையில் மயிர் போர்த்திய முட்டைக் குவியல் பொரிய 36 டிகிரி நாள் போதும், ஐப்பசியில் இரண்டு மூன்று நாள். பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆண் அந்தைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் அந்து விழ ஆரம்பித்ததும் கணக்கைத் தொடங்கினால், எப்போது வயலில் இறங்கி இலையைப் புரட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் தெரிகிற நேரத்தில் மருந்தடித்தால் உள்ளே இருக்கிற புழுவுக்கு மருந்து எட்டாது.

அப்புறம், சூடு ஏற ஏற வளர்ச்சியும் ஏறிக்கொண்டே போகாது. படைப்புழு நன்றாகப் பிழைப்பது 26 முதல் 30 டிகிரிக்குள். மதுரைக் கோடையின் 40 டிகிரியை அப்படியே கூட்டினால் கணக்கு தப்பும். அதனால் எல்லாச் சூட்டையும் அள்ளிக்கொள்ளும் "வெப்பத் திரட்டு" என்ற பெயரும் எனக்குச் சரியாகப் படவில்லை. வளர்ச்சிக்கு உதவிய பங்கு மட்டும் பெயரில் இருக்க வேண்டும்.

என் முன்மொழிவு: அளவுக்கு "வளர்ச்சி வெப்பம்", அலகுக்கு "டிகிரி நாள்". "படைப்புழு முட்டையின் வளர்ச்சி வெப்பம் 36 டிகிரி நாள்" என்று எழுதினால் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஈழத்து நண்பர்கள் வெப்பத்துக்கும் பாகை என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே பாகை என்றதும் கோணம்தான் ஞாபகம் வருகிறது. வானிலைச் செய்தி கேட்கிற விவசாயிக்கு டிகிரி பழகிய சொல்.

12.5-க்கு "அடிவரம்பு" என்றும், வேகம் குறையத் தொடங்கும் இடத்துக்கு "மேல்வரம்பு" என்றும் வைக்கலாமா? முக்கியமாகப் பூச்சியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.