பக்கத்து வரிசைச் செம்பருத்தியிலிருந்து பரவும் மாவுப்பூச்சி: பொது மொட்டை மாடியில் என்ன செய்யலாம்?

கேள்வி: வெண்டை_வரிசை

சென்னையில் நாலு மாடி அபார்ட்மென்ட். மொட்டை மாடியில் ஏழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து 90 க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) வைத்திருக்கிறோம். எங்கள் வரிசையில் வெண்டை, கத்தரி, மிளகாய், கொஞ்சம் கீரை. கிழக்கே அடுத்த வரிசை இரண்டாம் மாடி மாமாவுடையது. அவருடைய நாலு செம்பருத்தியிலும் குருத்து முழுக்க வெள்ளை மாவு. இப்போது எங்கள் வெண்டைக்கும் கத்தரிக்கும் வந்துவிட்டது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. கலந்து இரண்டு தடவை அடித்தாயிற்று. பத்தே நாளில் திரும்பி வருகிறது. மாமாவோ, "அதுவும் ஒரு உயிர்தானே" என்று தன் செடியில் எதையும் அடிக்க விடுவதில்லை. மூன்றாம் மாடிக்காரர் நேர்மாறு. சாயங்காலம் வந்து ஏதோ கெமிக்கல் அடிக்கிறார், வாடை எங்கள் கீரைத் தொட்டி வரை வருகிறது. யாரோடும் மனஸ்தாபம் இல்லாமல் இதைத் தீர்க்க வழி இருக்கிறதா?

பதில் 1: பந்தல்_பாகல்

5 மி.லி. சரியான அளவுதான். கலக்கும் விதத்தைப் பாருங்கள். தண்ணீரில் நேரடியாக எண்ணெயை விட்டால் அது மேலே மிதக்கும். ஸ்ப்ரேயர் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வருவதெல்லாம் வெறும் தண்ணீர். கடைசியில் வருவது கெட்டி எண்ணெய், அது பட்ட இலை கருகும். முதலில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் மட்டும் ஒரு டம்ளரில் போட்டு, பால் போல வெளுக்கும் வரை ஸ்பூனால் அடியுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, மாவுப்பூச்சியின் முட்டைப் பை மெழுகுப் பஞ்சுக்குள் இருக்கிறது. எந்தக் கரைசலும் அதற்குள் சரியாக இறங்காது. ஒரு பையில் சில நூறு முட்டை இருக்கும். நீங்கள் பார்க்கும் "பத்து நாளில் திரும்புவது" பெரும்பாலும் அதிலிருந்து பொரித்த குஞ்சுகள்தான், எல்லாமே மாமா செடியிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. அதனால் 6 அல்லது 7 நாள் இடைவெளியில் மூன்று தடவை, விடாமல். மாலை 5 மணிக்கு மேல், இலைக்கு அடிப்புறம், கணுக்கள், வெண்டைக்காயின் காம்புப் பள்ளம். க்ரோ பேக்கின் மடித்த விளிம்பையும் பிரித்துப் பாருங்கள், அதற்குள் ஒரு கூட்டமே ஒளிந்திருக்கும்.

அடிப்பதற்கு முன்னால் மொய்த்த குருத்துகளை வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டும்போது அடியில் செய்தித்தாள் விரித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்தது பக்கத்துப் பையில் ஏறும். வெட்டியதை பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி மூன்று நாள் வெயிலில் போட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். பொது கம்போஸ்ட் தொட்டியில் போடவே போடாதீர்கள். மாடி முழுக்கப் பரப்பிய பழி பிறகு உங்கள் தலையில்தான்.

எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சியை மட்டும் அடிப்பது வீண் வேலை. பூச்சி கழிக்கும் தேன்போன்ற திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், குஞ்சுகளைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். ஸ்டாண்டு கால்களில் இரண்டு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் காலை நிறுத்துவதென்றால் அதில் கொஞ்சம் சோப்பு விடுங்கள், டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுக்க வேண்டாம். இரண்டு வரிசைச் செடிகளின் இலைகள் உரசாமல் ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். அந்த உரசல்தான் எறும்புக்குப் பாலம்.

பதில் 2: பொறிவண்டு

மாமாவின் செம்பருத்தியில் இருக்கிற வெள்ளையெல்லாம் மாவுப்பூச்சிதானா என்று முதலில் பாருங்கள். கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தித்தான் இருக்கும். மாவுப்பூச்சி 3, 4 மில்லிமீட்டர், ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய அசையாமல் இருக்கும். இந்தப் புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும், மெழுகு இழைகள் நீளமாகக் கலைந்து தொங்கும், குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நகரும். மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் பிழைப்பு. வளர்ந்த வண்டு கறுப்பு, தலையும் பின்நுனியும் மட்டும் ஆரஞ்சு. நிறைய பேர் இதைத்தான் "பெரிய மாவுப்பூச்சி" என்று நசுக்கிவிடுகிறார்கள்.

மாடியில் பப்பாளி இருந்தால் அதிலும் கை வைக்காதீர்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதை அடக்கியது மருந்தல்ல. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற கடுகைவிடச் சிறிய குளவி. பூச்சி உப்பிப் பழுப்பாகி, முதுகில் வட்டமாக ஒரு துளை தெரிந்தால் குளவி வேலை பார்த்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இலையை அப்படியே விடுங்கள்.

மாமாவிடம் பேசவும் இதுவே வழி. "மருந்து அடிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்பார். "மாமா, நுனியை மட்டும் வெட்டிக் கவாத்து பண்ணி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, எறும்பு ஏறாமல் கிரீஸ் தடவித் தரட்டுமா? மிச்சத்தை வண்டு பார்த்துக்கொள்ளும்" என்று கேளுங்கள். கவாத்து செய்தால் செம்பருத்தி கூடுதலாகத் துளிர்க்கும், அதில் அவருக்கும் லாபம். பீய்ச்சும்போது தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது என்று மட்டும் பாருங்கள்.

பதில் 3: மாடிப்படி_பலகை

பதில் 1-இல் ஒரு திருத்தம். சென்னையில் 5 மணிக்குக் கடற்காற்று நன்றாகவே வீசும், அதுவும் கிழக்கிலிருந்து. மொட்டை மாடியில் அந்த நேரத்தில் அடித்தால் பாதி மேற்கு வரிசைக்குப் போய்விடும். குஞ்சுகள் காற்றில் மிதந்து வருவதும் அதே திசையில்தான். காற்று தணிந்து இருட்டும் நேரத்தில் அடியுங்கள். அப்போதும் இரண்டு வரிசைக்கு நடுவே துணிக்கொடியில் பழைய பெட்ஷீட் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு. அடிக்கும் முன் கொடியில் யார் துணி காய்கிறது, தரையில் யார் வடாம் காய்கிறது என்று ஒரு பார்வை. சித்திரை மாதத்தில் பாதிச் சண்டை வடாத்தில்தான் ஆரம்பிக்கிறது.

மூன்றாம் மாடிக்காரரிடம் தனியாகப் போய், "என்ன மருந்து சார், நாங்களும் தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டு லேபிளைப் பாருங்கள். அதில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நச்சின் அளவைச் சொல்லும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை இறங்குவரிசை. எந்தப் பயிருக்கு, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் லேபிளிலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோ இருக்கும். அந்தக் காத்திருப்பு நாள் அவர் செடிக்கு மட்டுமல்ல, சாரல் பட்ட உங்கள் கீரைக்கும் பொருந்தும் என்பதுதான் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டிய ஒரே விஷயம். பாட்டிலில் மோனோகுரோட்டோபாஸ் என்று இருந்தால் பேச்சே வேண்டாம், காய்கறியில் அதை அடிப்பதற்கே தடை.

வாட்ஸப் குரூப்பில் யார் செடியையும் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். மாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி நாலு விஷயம் மட்டும் எழுதச் சொல்லுங்கள்: தேதி, வரிசை, அடித்தது என்ன, எதுவரை பறிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் என்றாலும் எழுதவேண்டும், அப்போதுதான் கெமிக்கல்காரரும் கூச்சமில்லாமல் எழுதுவார். ஊரில் இல்லாதவர் செடியைக் கேட்காமல் வெட்டாதீர்கள், போன் போட்டுச் சொல்லிவிட்டு வெட்டுங்கள். மூன்று தடவை அடிப்பதை ஏழு வீடும் ஒரே நாளில் செய்தால்தான் பலன்.

வெண்டை_வரிசை

மாமாவிடம் கவாத்துக்கு அனுமதி கேட்கிறேன். சோப்பு என்று சொன்னீர்களே, துணி துவைக்கும் பவுடர் ஆகுமா?

பந்தல்_பாகல்

ஆகாது. அதில் சோடா இருக்கும், இலை ஓரம் கருகிவிடும். பூந்திக்கொட்டை ஐந்தாறை உடைத்து ஒரு டம்ளர் வெந்நீரில் ராத்திரி ஊறப்போட்டுப் பிசைந்து வடிகட்டுங்கள். 5 மி.லி. எண்ணெய்க்கு அதில் இரண்டு ஸ்பூன். முதலில் ஒரு செடியில் ரெண்டு இலைக்கு மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். வெண்டை இலை தாங்கும், கீரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.