குளுக்கோஸ் இறக்கி, குளுக்கோஸ் தணிப்பான்: சொல் விவாதம்

மடல் 1

நண்பர்களுக்கு,

மானாவாரி நிலத்து நீரிழிவு மூலிகைகளுக்கான சொற்பட்டியலில் ஒரு சிக்கல். ஆவாரை, சிறுகுறிஞ்சான், அதலை, பேய்க்குமட்டி எல்லாவற்றுக்கும் "சர்க்கரையைக் குறைக்கும்" என்று ஒரே வரி எழுதிவருகிறோம். ஹைப்போகிளைசீமிக், ஆன்டிஹைப்பர்கிளைசீமிக் இரண்டும் அதில் கலந்துபோகின்றன. முதல் வகை, சர்க்கரை சரியாக இருப்பவருக்கும் அதை இறக்கிவிடும், கிளிபென்கிளமைடு மாத்திரை அப்படி. அடுத்தது ஏறியதை மட்டும் கீழே கொண்டுவரும், மெட்ஃபார்மின் அப்படி.

சோதனையில் பிரித்தறிய, நலமான எலிகள் ஒரு குழு, அலாக்சான் என்ற வேதிப்பொருள் கொடுத்து நீரிழிவு வரவழைத்த எலிகள் ஒரு குழு, இரண்டுக்கும் ஒரே அளவு சாறு. விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மழைக்குத் தானாக முளைக்கும் அதலையின் காய்ச்சாறு, நீரிழிவு எலிகளில் மட்டுமே சர்க்கரையைக் குறைத்தது.

என் முன்மொழிவு: தாழ்சர்க்கரையாக்கி, எதிர்மிகைச்சர்க்கரையாக்கி.

மடல் 2

> எதிர்மிகைச்சர்க்கரையாக்கி

வாயில் நுழையாதது ஒருபுறம் இருக்கட்டும். மிகைச்சர்க்கரையை எதிர்க்கிறதா, ஆக்குகிறதா என்றே தெரியவில்லை. "ஆன்டி"யைக் கண்டாலே "எதிர்" போட்டாக வேண்டுமா?

தணி என்ற வினை கைவசம் இருக்கிறது. காய்ச்சல் தணிகிறது, வெயில் தணிகிறது, தாகம் தணிகிறது. மிஞ்சியது அடங்கி இயல்புக்கு வருவதுதான் தணிவது. காய்ச்சல் தணிந்தால் உடம்பு சில்லிட்டுப் போவதில்லை. ஆகவே சர்க்கரைத் தணிப்பான். மற்றதற்குச் சர்க்கரை இறக்கி போதும். "தணிப்பி" வேண்டாம், ஏவல் போல ஒலிக்கிறது. "தணிக்கை" பக்கமும் போக வேண்டாம். ரேஷன் கடைக் கணக்கு பார்ப்பதாகிவிடும்.

மடல் 3

தணிப்பான் எனக்குச் சம்மதம். ஆனால் சர்க்கரை என்ற முன்னொட்டு யாழ்ப்பாணத்தில் இடறும். அங்கே சர்க்கரை என்றால் கட்டியாக விற்கும் வெல்லம். நோய்க்குப் பெயர் சலரோகம், பேச்சில் சீனி வருத்தம். வெல்லமோ அங்குள்ள பாடநூலில் நாம் சர்க்கரை என்னும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். இரு கரைக்கும் பொதுவாகக் குளுக்கோஸ் என்றே வைத்துவிடலாம்.

மடல் 4

குளுக்கோஸ் சரி. சிறுகுறிஞ்சானை எங்கே வைப்பது? இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை மறைக்கும் (சீனியை வாயில் போட்டால் மணலாகத் தெரியும்), குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதையும் மட்டுப்படுத்தும். இது தணிப்பான் வேலை. இன்சுலின் சுரப்பைக் கூட்டுவதாகவும் ஆய்வுகள் உண்டு. அது இறக்கியின் பக்கம். 1990இல் வெளியான சென்னை ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 22 பேர், மாத்திரையோடு நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாற்றுப் பொடியை 18 முதல் 20 மாதம் எடுத்தார்கள். 5 பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. மாத்திரை அளவைக் குறைக்காமல் பொடியையும் சேர்த்தால் இரத்தக் குளுக்கோஸ் 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கலாம்: வியர்வை, கைநடுக்கம், படபடப்பு. ஐயம் இருக்கும் இடத்தில் இறக்கி என்றே குறிப்போம். தணிப்பான் என்று போட்டுவிட்டால் வாசிப்பவர் பயமில்லாமல் அள்ளிப் போட்டுக்கொள்வார்.

ஆவாரைக் குடிநீருக்குத் தனிக் குறிப்பு வேண்டும். அதில் சேரும் கடலழிஞ்சில் மூலிகையிலுள்ள சலாசினால் என்ற பொருள், அகார்போஸ் மாத்திரையைப் போல, சீனியை உடைக்கும் குடல் நொதியைத் தடுக்கும். கிளிபென்கிளமைடும் எடுப்பவருக்குக் குளுக்கோஸ் தாழ்ந்தால் சீனித் தண்ணீரை நம்ப முடியாது, உடையத் தாமதமாகும். குளுக்கோஸ் பொடியே 15 கிராம் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த வகைக்குக் "குடல்வழித் தணிப்பான்" என்று உட்பிரிவு வைக்கலாமா?

மடல் 5

வைக்கலாம். என் இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டேன். அதலை தணிப்பான், சிறுகுறிஞ்சான் இறக்கி, கடலழிஞ்சில் குடல்வழித் தணிப்பான். ஆவாரைக் குடிநீர் கூட்டு மருந்து என்பதால் அதற்குச் சொல் போடாமல் குறிப்பு மட்டும். பேய்க்குமட்டிக்கு இவற்றில் எதுவும் இப்போது வேண்டாம். அதன் காய்ச்சதை இரத்தபேதி வரை கொண்டுபோகும். பதிவின் முதல் சொல் "கடும்பேதி" என்றே இருக்கட்டும்.