602 ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயர், அக்டோபர் 1939: எந்த டெக்கால்?

பசைக்குப்பி:
1:48 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 போர்விமான மாடல் செய்துகொண்டிருக்கிறேன். கிளாஸ்கோவின் 602 ஸ்குவாட்ரன் (பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு), 1939 அக்டோபர் 16 அன்று ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்துக்கு மேலே ஜெர்மன் விமானங்களோடு சண்டையிட்டபோது இருந்த தோற்றம் வேண்டும். கிட்டோடு வந்த டெக்காலில் (மாடல் மேல் ஒட்டும் அடையாளத் தாள்) வாலுக்கு மூவண்ணப் பட்டை, பக்கவாட்டு வட்டத்துக்கு மஞ்சள் வளையம் எல்லாம் இருக்கிறது. ஒட்டலாமா? வாரக்கடைசியில் மட்டும் பறந்த ரிசர்வ் ஆட்களுக்கு ஸ்பிட்ஃபயர் எப்படி அவ்வளவு சீக்கிரம் கிடைத்தது?

வால்சுக்கான்:
ஒட்டாதீர்கள். அது 1940 கோடைக்கான தாள். வால் பட்டையும் மஞ்சள் வளையமும் 1940 மே மாதம்தான் வந்தன. உங்கள் தேதிக்கு மேற்புறம் கரும்பச்சை, மண்பழுப்பு. அடிப்புறம் விமானியின் இடக்கைப் பக்கம் கறுப்பு, வலக்கைப் பக்கம் வெள்ளை. இறக்கையின் மேலே சிவப்பு-நீல வட்டம். உடலிலும் அதையே போடுங்கள். வெள்ளை சேர்ந்த வட்டம் அதற்குப் பிறகுதான் பரவலானது.

உடலில் எழுதும் ஸ்குவாட்ரன் குறியெழுத்து போருக்கு முன் இசட்டி (ZT), போர் தொடங்கியதும் எல்ஓ (LO). சாம்பல் நிறத்தில். கிட்டில் இரண்டு ப்ரொப்பெல்லர் இருந்தால் மூன்று பிளேடு உள்ளதை மாட்டுங்கள். இரண்டு பிளேடு மர ப்ரொப்பெல்லர் முதல் 77 விமானங்களோடு நின்றுவிட்டது.

அடிப்புறத்துக்கு முதலில் வெள்ளை, காய்ந்ததும் நடுக்கோட்டில் டேப், பிறகு கறுப்பு. மாற்றிச் செய்தால் கறுப்பை மூட வெள்ளையை நாலு பூச்சு அடித்துப் பேனல் கோடெல்லாம் அடைந்துபோகும். டெக்காலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மேட் பெயின்ட் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும்.

ரென்ஃப்ரூ:
வரலாற்றுக் கேள்விக்கு வருகிறேன். 1925 செப்டம்பர் 12, ரென்ஃப்ரூ. ஆக்சிலரி ஏர் ஃபோர்ஸில், அதாவது பகுதிநேர ரிசர்வ் விமானப்படையில், முதலில் உருவான ஸ்குவாட்ரன் 602-தான். ஆரம்பத்தில் இது குண்டுவீச்சுப் பிரிவு: டிஎச்9ஏ, வாபிட்டி, ஹார்ட், ஹைண்ட். பிறகு ஹெக்டர், அப்புறம் காண்ட்லெட் போர்விமானம், 1939 மே மாதம் ஸ்பிட்ஃபயர். ஆக்சிலரியில் ஸ்பிட்ஃபயர் பெற்ற முதல் ஸ்குவாட்ரனும் இதுவே.

"வாரக்கடைசி விமானிகள்" என்ற கிண்டலை அப்படியே நம்ப வேண்டாம். வருடாந்திர முகாம் உண்டு, வழக்கமான படையிலிருந்து பயிற்சியாளர்களும் மெக்கானிக்குகளும் கூடவே இருந்தார்கள். 1933 ஏப்ரல் 3 அன்று பீகாரின் பூர்ணியா பக்கமிருந்து கிளம்பி எவரெஸ்ட் மேல் பறந்த இரண்டு விமானங்களையும் ஓட்டிய கிளைட்ஸ்டேல், மெக்கின்டயர் இருவருமே 602 ஆட்கள்.

சிக்கல் வேறு இடத்தில். காண்ட்லெட்டில் சக்கரம் மடங்காது. ஸ்பிட்ஃபயரில் மடக்க வலக்கையால் பம்ப் அடிக்க வேண்டும், விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் இடக்கைக்குப் போகும். பம்ப் அடிக்க அடிக்க இடக்கையும் கூடவே ஆடும். புறப்பட்ட உடனே மூக்கு மேலும் கீழும் குதிக்கும். தரையில் ரொம்ப நேரம் ஓட்டினாலும் ஆபத்து: ரேடியேட்டர் வலது இறக்கைக்கு அடியில், சக்கரக்கால் காற்றை மறைக்கும், என்ஜின் கொதித்துவிடும்.

பசைக்குப்பி:
நன்றி. அக்டோபர் 16 அன்று ஜெர்மன் விமானத்தை முதலில் சுட்டு வீழ்த்தியது 602-ஆ, எடின்பரோவின் 603 ஸ்குவாட்ரனா? எல்ஓ பக்கத்தில் அந்தந்த விமானத்துக்கான எழுத்தாக எதைப் போடுவது?

கியூ வாசகர்:
அன்று விழுந்தவை இரண்டு யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானங்கள். ஒன்று போர்ட் சீட்டன் அருகே கடலில், 603-இன் கிஃபோர்டு கணக்கில். மற்றது க்ரெய்ல் அருகே, 602-இன் பிங்கர்டன், மெக்கெல்லர் இருவருக்கும். நேர வித்தியாசம் நிமிடங்கள்தான், அதனால்தான் கிளாஸ்கோவும் எடின்பரோவும் இன்னும் சண்டை போடுகின்றன. எனக்கு 603 பக்கம் சாய்வு. ஆனால் "போரிலேயே பிரிட்டன் வீழ்த்திய முதல் விமானம்" என்று எங்காவது எழுதியிருந்தால் தப்பு. செப்டம்பர் 26 அன்றே பிரிட்டிஷ் கடற்படையின் ஸ்குவா விமானம் ஒரு ஜெர்மன் டோர்னியர் 18-ஐ வீழ்த்திவிட்டது.

எழுத்துக்கு: லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 வரிசையில் ஸ்குவாட்ரன் பதிவேடு. ஃபாரம் 540 நாள்வாரிச் சுருக்கம். உங்களுக்கு வேண்டியது ஃபாரம் 541, அதில் விமானி, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், விமானத் தொடரெண் இருக்கும். குறியெழுத்தை அதில் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். தொடரெண்ணை எடுத்துக்கொண்டு, அதே விமானத்தின் தேதி போட்ட புகைப்படத்தில் எழுத்தைத் தேடுங்கள். செப்டம்பருக்கு முந்தைய படமென்றால் இசட்டிதான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.